சொல்லாமல் விட்ட பத்து நிமிடம்

வீட்டில் வகுப்பு நடத்துகிறவர்களுக்கு ஒரு பெரிய சங்கடம் உண்டு: ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் வந்தவர்கள் மறுபடி வர மாட்டார்கள். தையல் டீச்சர், மெஹந்தி டீச்சர், ஆரி வேலை டீச்சர் எல்லோரும் இதைப் படித்துத் தலையாட்டுவீர்கள் என்று தெரியும். டாக்டரிடம் காய்ச்சல்காரர் திரும்ப வருவார், வக்கீலிடம் வாய்தா வாங்கினவர் திரும்ப வருவார். நம்மிடம் கற்றுக்கொண்டவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போவார், அத்தோடு சரி.

நான் திருச்செங்கோட்டை ஒட்டிய ஒரு காலனியில் ஆறு வருடமாகக் கேக், பிஸ்கட், மெழுகுவத்தி, பண்டிகைக்குப் பண்டிகை ஏதாவது கைவேலை என்று கற்றுக்கொடுக்கிறேன். வீட்டுக்காரர் போர்வெல் ரிக் வண்டியில் இருக்கிறார். வண்டியில் ஒரு பங்கும் உண்டு, வேலையும் அவரே பார்ப்பார். வருடத்தில் பத்து மாதம் வடக்கே எங்கேயாவது பூமியைத் துளைத்துக்கொண்டிருப்பார். அங்கே மழை பிடித்தால்தான் இங்கே வருவார். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூர் போனதும், கீழே மூன்று ரூம், மேலே இரண்டு ரூம், நடுவில் நான் ஒருத்தி. ஒரு நாள் காலையிலிருந்து யாரிடமும் பேசாமலே இருந்துவிட்டு, சாயங்காலம் பால்காரரிடம் "அரை லிட்டர் போதுங்க" என்றபோது தொண்டை கட்டிக்கொண்டு வார்த்தை வரவில்லை. அடுத்த வாரமே வாசலில் வகுப்பு போர்டு மாட்டிவிட்டேன். தொழில் ஆர்வம், சொந்தக் காலில் நிற்பது என்றெல்லாம் சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு வீட்டில் ஆள் பேச்சு கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

சந்தையில் பார்த்த மாணவி

என் முதல் வகுப்புக்கு வந்தவர்களில் ஒருத்தி கெட்டிக்காரி. எதையும் ஒரு தடவை பார்த்தால் போதும், கை பிடித்துக்கொள்ளும். அவள் மறுபடி வருவாள் என்று எதிர்பார்த்து, அவளுக்குப் பிடிக்கும் என்பதற்காகவே பட்டர் பிஸ்கட் வகுப்பு ஒன்றைக்கூடத் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

நாலு மாதம் கழித்துச் சந்தையில் தக்காளிக் கடையில் பார்த்தேன். ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். பிஸ்கட்டைப் போனில் பார்த்தே செய்துவிட்டாளாம், கேக் இப்போது தெருவுக்கே அவள்தானாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது நன்றியோடு சொன்னாள்: "உங்க புண்ணியத்துல எல்லாம் கைக்கு வந்துருச்சுங்கக்கா, இனி உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதே இல்லீங்க."

எழுபதாயிரம் கோழி

புரட்டாசி பிறந்தால் எங்கள் பக்கம் பாதி வீடுகளில் முட்டைக்குத் தடை. அந்த மாதம் மட்டும் முட்டையில்லாத கேக் வகுப்பு என்று போர்டை மாற்றி வைப்பேன். ஒரு புரட்டாசியில் நாமக்கல் பக்கத்திலிருந்து கார் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வந்தார். கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர். தயிரில் சோடா மாவைப் போட்டதும் நுரைத்துக்கொண்டு வருவதை அப்படிக் குனிந்து பார்த்தார்.

இவ்வளவு ஆசையாகக் கற்றுக்கொள்கிறவரை விட்டுவிடக் கூடாது என்று, "ஐப்பசியில் முட்டை போட்ட கேக் வகுப்பு வைக்கிறேன், அதற்கும் வாங்க, உங்கள் வீட்டில்தான் முட்டைக்குப் பஞ்சமில்லையே" என்று வலை வீசிப் பார்த்தேன். அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னார்: "எங்க ஊட்டைச் சுத்தி எழுவதாயிரம் கோழிங்க. அந்த வாசத்தை ரெண்டு மணி நேரம் மறக்கலாம்னுதானுங்க நான் இங்க வந்ததே."

எந்த மலை

கேக் ஆர்டரும் எடுப்பதுண்டு. இங்கே பல வீடுகளில் ஆம்பளைகள் ரிக்கிலோ லாரியிலோ போயிருப்பார்கள். பிறந்தநாளன்று கேக்கை மேசையில் வைத்து, போனில் அவர் முகம் தெரிய, பிள்ளைகள் வெட்டுவார்கள். அவர் பங்கையும் அவர் கண்ணெதிரே தின்று காட்டுவார்கள். அப்படி ஒரு ஆர்டர். பேசிய அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஒரு கிலோ, பட்டர் கிரீம், மூணு ரோஜாப்பூ என்று எல்லாம் கணீரென்று சொன்னவர், என்ன பெயர் எழுத வேண்டும் என்று கேட்டதும் நின்றுவிட்டார். "அவிய பேரை நான் எப்படிங்க என் வாயால சொல்றது" என்றார். சிரிக்காதீர்கள், இதுவரை என் வீட்டுக்காரர் பெயரை நானும் எழுதவில்லை. கடைசியில், "மலை மேல இருக்கற சாமி பேருங்க, பார்த்து எழுதிருங்க" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

திருச்செங்கோட்டில் உட்கார்ந்துகொண்டு மலை மேல் இருக்கிற சாமி என்றால் எனக்கு வேறு யார் ஞாபகம் வரும்? நீலக் கிரீமில் 'அர்த்தநாரி' என்று அழகாக எழுதி அனுப்பிவிட்டேன். அவர் சொன்னது பழனி மலையாம், வீட்டுக்காரர் பெயர் பழனிச்சாமியாம். சாயங்காலம் அந்த அம்மாவே கூப்பிட்டபோது திட்டு வாங்கத் தயாராகத்தான் போனை எடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பரவால்லீங்க, அது எங்க மாமனாரு பேருங்க. தனக்குத்தான் கேக்குன்னு நெனச்சுட்டு வெட்டறாரு, அப்படியே இருக்கட்டுமுங்க."

காகித நட்சத்திரம்

மார்கழியில் காகித நட்சத்திரம் செய்யும் வகுப்பு. எட்டுப் பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எட்டுப் பேருக்கும் கலர் பேப்பர் வெட்டி, பசை கரைத்து, கூடத்தில் பாய் விரித்து வைத்தேன். அன்றைக்கென்று காலையிலிருந்து மழை. பதினோரு மணிக்கு அடுத்த தெருவிலிருந்து ஒரே ஒரு அம்மா குடையோடு வந்தார்.

ஒருவர்தான் வந்தார் என்று வகுப்பை நிறுத்துவேனா. எட்டுப் பேர் இருப்பதுபோல் எழுந்து நின்று, இங்கே மடிங்க, இங்கே ஒட்டுங்க என்று இரண்டு மணி நேரம் பாடம் நடத்தினேன். அவரும் சளைக்காமல் இரண்டு நட்சத்திரம் செய்தார். மழையில் வந்தாரே, என்ன ஆர்வம் என்று மனசு குளிர்ந்துபோய், வாசல் வரை போய் வழியனுப்பினேன். குடையை விரித்துக்கொண்டே சொன்னார்: "எங்க தெருவுல கரண்டு இல்லீங்க, போனுக்குச் சார்ஜ் போடலாம்னுதான் வந்தேன், ஸ்டாரும் நல்லாத்தான் இருக்குதுங்க."

காப்பி

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேக்கை அடுப்பிலிருந்து எடுத்ததும் கவிழ்க்கக் கூடாது. டின்னிலேயே பத்து நிமிடம் ஆற வேண்டும். சூட்டோடு கவிழ்த்தால் நடுவில் பிளந்து, பாதி டின்னில் ஒட்டிக்கொள்ளும், பாதி தட்டில் விழும். வகுப்பில் அந்தப் பத்து நிமிடத்துக்கு நான் காப்பி கொடுப்பேன். காப்பி, முறுக்கு, ஊர்க்கதை. குடித்து முடித்ததும் கேக்கைக் கவிழ்த்தால் அலுங்காமல் வந்து உட்காரும். அந்தக் காப்பியும் செய்முறையில் சேர்த்தி என்று வந்தவர்கள் யாருக்கும் தோன்றவில்லை. முதலில் எனக்கும் சொல்லத் தோன்றவில்லை, அது சத்தியமாக மறதிதான்.

ஒரு நாள் ஒரு மாணவி போன் செய்தாள், கேக் உடைந்துவிட்டது என்று. மைதாவில் ஆரம்பித்த பேச்சு அவள் நாத்தனார் வரைக்கும் போய் முக்கால் மணி நேரம் ஓடியது. வைத்த பிறகுதான், ஆற வைப்பதைப் பற்றிச் சொல்லவே இல்லையே என்று உறைத்தது. உடனே திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அடுத்த வாரம் அவளே கூப்பிடுவாள் என்று நினைத்தேன், கூப்பிட்டாள். அன்றிலிருந்து வேண்டுமென்றே விட ஆரம்பித்தேன். வகுப்பில் கையில் கொடுக்கும் தாளில் கடைசி வரி 'கேக்கை எடுத்துக் கவிழ்க்கவும்' என்று மட்டும் இருக்கும். போன்கள் வர ஆரம்பித்தன. டின்னுக்கு இன்னும் கொஞ்சம் வெண்ணெய் தடவுங்கள், அடியில் காகிதம் போடுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள் என்று வாரம் ஒரு வைத்தியம் சொல்வேன். மூன்றாவது நான்காவது போனில்தான் உண்மையைச் சொல்வேன். செய்தது தப்பு, அதிலும் தெரிந்தே செய்த தப்பு. வீணானது அவர்கள் வீட்டு மைதாவும் வெண்ணெயும். ஆனால் மத்தியானம் போன் அடிக்கும்போது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை விட மனசு வரவில்லை. நான்கு கேக் உடைத்த ஒருத்தி ஒருமுறை பெருமூச்சு விட்டுச் சொன்னாள்: "உங்களுக்கு மட்டும் உடையறதே இல்லீங்க, அது கைராசிங்கக்கா."

ஆடி ஒன்று

ஆடி முதல் தேதி எங்கள் பக்கம் தேங்காய் சுட்டுப் பிள்ளையாருக்குப் படைப்போம். தேங்காயை நார் இல்லாமல் வழவழவென்று தரையில் தேய்த்து, ஒரு கண்ணைத் திறந்து, பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு, வெல்லம், எள், பொட்டுக்கடலை, அவல் எல்லாம் உள்ளே திணித்து, குச்சியைச் செருகித் தீயில் வாட்ட வேண்டும். ஓடு கருகி வெடிப்பு விடும்போது ஒரு வாசம் வரும் பாருங்கள். வடக்கே மழை பிடித்து ரிக் வண்டிகள் திரும்புகிற சமயமும் அதுதான். அதனால் எங்கள் வீட்டில் தேங்காய் சுடுவது அவர் வேலை.

போன ஆடிக்கு அவர் வரவில்லை. "இந்த வருசம் வண்டி ராஜஸ்தானுக்குப் போகுது புள்ள, அந்தப் பக்கம் மழையே இல்ல" என்றார். மழை இல்லாத ஊராகப் பார்த்துப் போனால் வீட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்க நினைத்தேன். பின்னால் ரிக் ஓடுகிற சத்தத்தில் அவருக்கு எதுவும் கேட்காது. "ஏனுங்க, சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கத்திக் கேட்டேன். ஆடி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் தேங்காய் சுடும் வகுப்பு வைத்தேன். ஆறு பேர் வந்தார்கள், ஆறு தேங்காயும் நன்றாக வெந்தது, ஆறும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டது. பழக்க தோஷத்தில் அவருக்கென்று நான் திணித்து வைத்திருந்த தேங்காயைத் தனியாகச் சுட்டு, மூன்று நாள் வைத்து நானே தின்றேன்.

அந்த ஆறு பேரில் ஒருவர் சேலத்தில் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர். அங்கே தீ மூட்ட விட மாட்டார்கள் என்று, ஆடி ஒன்றாம் தேதி தேங்காயைக் கேக் சுடும் ஓவனுக்குள் வைத்துவிட்டார். குச்சியை இறுக்கி அடைத்தும் வைத்திருக்கிறார். டமார் என்று வெடித்து, ஓவன் கதவுக் கண்ணாடியே போய்விட்டது. பதறிப்போய் எனக்குத்தான் போன் செய்தார். நான் அடி பட்டதா, கண்ணாடி குத்தியதா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன், அவர் கவலை வேறு: "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கக்கா, வெடிச்சதுல பாதி உள்ளயே இருக்குது, அதைப் பிள்ளையாருக்குப் படைக்கலாமுங்களா?"

எட்டு கேக்

புவனா இளம்பிள்ளையிலிருந்து வந்தவள். இருபத்தைந்து வயதிருக்கும். வீட்டிலேயே விசைத்தறி. வீட்டுக்காரர் புதன்கிழமை தோறும் சேலத்துக்குச் சேலை கொண்டு போவார். அப்படி ஒரு புதன்கிழமைதான் இவள் மூன்று மணிக்குக் கூப்பிட்டாள். தறி ஓடிக்கொண்டிருக்கும், அதற்கு மேல் கத்துவாள்: "அக்கா, உடைஞ்சு போச்சுங்க." நானும் கத்தி வைத்தியம் சொல்வேன். அடுத்த புதனும் உடைந்தது. அதற்கடுத்த புதனும். மற்றவர்களுக்கு நாலாவது வாரத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிற நான் இவளுக்குச் சொல்லவில்லை. புதன்கிழமை என்றால் இரண்டு மணிக்கே சாப்பிட்டுக் கை கழுவி, போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். தறிப் பட்டறையில் யார் யாரோடு சண்டை, எந்தக் கலர் சேலை ஓடுகிறது, அவள் மாமியாருக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது, எல்லாம் எனக்கு அத்துப்படி.

எட்டு வாரம், எட்டு கேக். எட்டாவது வாரம் அவள் இப்படிச் சொன்னாள்: "வர ஞாயித்துக்கெழமை கொழுந்தனார் புள்ளைக்குக் காதுகுத்துங்கக்கா, என்னையத்தான் கேக்கு செய்யச் சொல்லியிருக்கறாங்க, நாலு பேரு முன்னால உடைஞ்சா எப்படிங்க?"

இளம்பிள்ளைக்குப் போனேன்

போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். இரண்டு மாதம் ஒரு பெண்ணை ஏமாற்றிவிட்டுப் போனில் மன்னிப்புக் கேட்பது அசிங்கமாகப் பட்டது. சனிக்கிழமை மகுடஞ்சாவடியில் பஸ் மாறி இளம்பிள்ளை போய் இறங்கினேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவள் வீட்டு முன்கூடத்திலேயே இரண்டு தறி ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் ஓரமாகத் தறிக்கான தாரில் நூல் சுற்றிக்கொண்டிருந்தார். முப்பது வருடம் தறியடியில் இருந்து அவருக்குக் காது மந்தம், என்னைப் பார்த்துச் சிரித்ததோடு சரி. வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்ற புவனாவிடம் நான் என் குற்றத்தைத் தெருவே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. "எடுத்ததும் கவுக்கக் கூடாது கண்ணு, பத்து நிமிசம் ஆற வெக்கோணும். தெரிஞ்சேதான் உனக்குச் சொல்லாம உட்டேன்."

"தெரியுங்கக்கா" என்றாள். உள்ளே கூட்டிப்போய்ப் பிரிட்ஜைத் திறந்து காட்டினாள். மறுநாள் காதுகுத்துக்கான கேக், ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. எட்டு வாரத்தில் ஒன்றுகூட உடையவில்லையாம். "அன்னிக்கு வகுப்புல நீங்க காப்பி போடப் போகையில மணி பார்த்தீங்க, குடிச்சு முடிச்சும் மணி பார்த்துட்டுத்தான் கவுத்தீங்க. காப்பிக்கு எதுக்கு மணி பார்க்கறாங்கன்னு அப்பவே நெனச்சேனுங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அப்புறம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு கோபப்படுவது என்று அடங்கிவிட்டேன். பின்னே எதற்குச் சாமி வாராவாரம் உடைந்துவிட்டது என்றாய் என்று கேட்டேன். கேக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நல்லா வந்துருக்குதுன்னு சொன்னா நீங்க ரெண்டு நிமிசத்துல போனை வெச்சுருவீங்கங்க."

புதன்கிழமை

ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாகத் தாளைத் திருத்தினேன். 'பத்து நிமிடம் ஆற வைத்த பிறகே கவிழ்க்கவும்' என்று பெரிய எழுத்தில் போட்டேன், வகுப்பிலும் இரண்டு தடவை சொல்கிறேன். இப்போது யாருடைய கேக்கும் உடைவதில்லை. போனும் வருவதில்லை. அடுத்த புதன்கிழமை மூன்று மணிக்கு உட்கார்ந்திருந்தேன், புவனா கூப்பிடவில்லை. அதற்கடுத்த புதனும் இல்லை. அவளைக் குறை சொல்ல முடியாது. உடையாத கேக்கை வைத்துக்கொண்டு என்னவென்று கூப்பிடுவாள். எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே சாக்கை நானே பஸ் ஏறிப் போய் உடைத்துவிட்டு வந்திருந்தேன்.

மூன்றாவது புதன்கிழமை நானே போனை எடுத்தேன். என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். புது பிஸ்கட் வகுப்பு என்று சொல்லலாம், காதுகுத்து எப்படி நடந்தது என்று கேட்கலாம். மகளுக்குப் போன் செய்தாலும், வீட்டுக்காரருக்குச் செய்தாலும், நான் ஏதாவது ஒரு காரணத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் செய்வேன். கேஸ் சிலிண்டர் தீர்ந்துவிட்டது, கரண்டு பில் வந்திருக்கிறது, இப்படி. வேலையாக இருப்பவர்களைச் சும்மா கூப்பிடக் கூச்சம். அவள் "அக்கா, சொல்லுங்க" என்றதும் யோசித்து வைத்த இரண்டும் மறந்துபோனது. தறி கடகடவென்று ஓடுகிறது. "ஒண்ணுமில்ல சாமி, சும்மாதான் கூப்புட்டேன்" என்று கத்தினேன். கேட்டதோ இல்லையோ தெரியவில்லை. பிறகு அவள் குரல் வந்தது: "சித்த இருங்கக்கா, தறியை நிறுத்திட்டு வாரேன்."

இரண்டு மணி நேரத்தில் யாருக்கும் கேக் கற்றுக்கொடுத்துவிடுகிற எனக்கு, காரணம் இல்லாமல் ஒருவருக்குப் போன் செய்யக் கற்றுக்கொள்ள ஆறு வருடம் பிடித்திருக்கிறது.